எல்லைக் கல்லுப் பிள்ளையார்

…இல்லையப்பா, நீங்கள் ரீவியில பாக்கிற ஜெர்மனி இல்லை நான் இருந்தது. எங்கட ஜெர்மனியில பஸ்ஸால இறங்கினவுடன மாட்டெரு மணக்கும். ஸ்னோ கொட்டினாலும் மணக்கும்.

ரெண்டு மலைக்கு நடுவில கிண்ணம் மாதிரி ஒரு ஊர். நாப்பது வீடு, ஒரு சேர்ச், ஒரு பேக்கரி. ஆறு எண்டு ஒண்டைக் காட்டுவினம்… எங்கட வயல் வாய்க்கால் அதைவிடப் பெரிசு. அகதியா வந்த என்னையும் இவரையும் அங்கதான் கொண்டுபோய் விட்டவை.

கோயில் இல்லாமல் நான் பட்ட பாடு!

ஒருநாள் காட்டோரம் நடக்கேக்க ஒரு கல்லைக் கண்டன். முழங்கால் உயரம், உருண்டைத் தலை… பிள்ளையாற்ற தொந்தி மாதிரி வண்டியும் இருந்தது, சத்தியமா! பிறகென்ன, ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பூ, கொஞ்சம் மஞ்சள், மூண்டு சுத்து. அகதிக் கேஸ் வெல்லவேணும், திருப்பி அனுப்பக்கூடாது எண்டு ஒரே மன்றாட்டம்.

அந்த ஊரில ஒரு வழக்கம். முந்தின காலத்தில காட்டு விறகுக்காகப் பக்கத்து ஊரோட அடிபட்டு, பிறகு சமாதானமாகி எல்லைக்குக் கல்லு நட்டவையாம். ஆரும் நகர்த்திப்போடாமல் இருக்க, வருஷத்தில ஒருநாள் முழு ஊரும் எல்லையைச் சுத்தி நடக்கும். எங்களையும் கூப்பிட்டிச்சினம்.

போனால்… என்ர பிள்ளையாருக்கு முன்னால எல்லாரும் நிக்கினம். மஞ்சளைப் பாக்கினம், பூவைப் பாக்கினம். ஊர்ச் சொத்தைப் பழுதாக்கினது எண்டு கேஸில எழுதினால்?

ஊர்த்தலைவர், ட்ராக்டர் ஓடுற மனுசன், சிரிச்சுக்கொண்டு ஏதோ சொன்னார். எங்கட இவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். "புது ஆக்களைக் கல்லில மூண்டுதரம் இருத்தி எடுக்கிறதாம். பிறகு நாங்களும் இந்த ஊராம்."

அதுக்குள்ள ரெண்டு பொம்பிளையள் என்னைத் தூக்கிட்டினம்!

"ஐயோ, பிள்ளையார்! விடுங்கோ!"

"இஞ்சேரும், பேசாமல் இரும். இவையள் கோவிச்சால் எங்க போறது?" எண்டார் இவர்.

"பிள்ளையாருக்கு மேல இருக்கவோ? நீங்கள் போய் இருங்கோ!"

சனத்தின்ர முகம் வாடிப்போச்சு. தங்கட ஊர் எங்களுக்கு வேண்டாமாக்கும் எண்டு நினைச்சிட்டினம். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் நாலு சொல்லு. அழுதுகொண்டு கல்லைக் காட்டி, மேல காட்டி, கும்பிட்டுக் காட்டினன்.

தலைவர் தொப்பியைக் கழட்டினார். "சரி, இருக்கவேண்டாம். தலையை வைக்கட்டும்" எண்டாராம்.

மூண்டுதரம் நெத்தியை வைச்சன். கை தட்டிச்சினம் பாருங்கோ! பேக்கரிக்கார மனுசி தன்ர கைலேஞ்சியால என்ர நெத்திப் பாசியைத் துடைச்சுவிட்டவ.

இப்ப ஜெர்மனியை விட்டு வந்து இஞ்ச டூங்கபியில இருக்கிறம். கோயிலுக்குக் காரிலயே போகலாம், பார்க்கிங்தான் இல்லை. குறை சொல்லேல்லை, கடவுள் நல்லாத்தான் வைச்சிருக்கிறார். ஆனா எங்கட ஊர், இந்த சபேர்ப், எதில முடியுது எண்டு மகளைக் கேட்டால், "ஹூ கேர்ஸ், அம்மா?" எண்டுறாள். இஞ்ச ஒருத்தரும் என்னைத் தூக்கி, நீ எங்கட ஊர் எண்டு சொல்லேல்லை…

அட, இப்பதான் ஞாபகம் வருது. கேஸ் முடியுமட்டும் அந்த எல்லையைத் தாண்ட எங்களுக்கு பெர்மிஷன் இல்லை. கடிதம் இல்லாமல் தாண்டினால் பொலிஸ். கல்லுக்கு அங்கால மற்ற மாவட்டம்… நான் ஒவ்வொரு நாளும் மூண்டுதரம் சுத்தி, மூண்டுதரமும் எல்லை தாண்டினனான்! ஆனா ஒருநாளும் பொலிஸ் வரேல்லை. தலைவரின்ர வயல் பக்கத்திலதான். ட்ராக்டரை நிப்பாட்டிப்போட்டு, நான் சுத்தி முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவர்.