சீத்தா இலைச் சாறு

செம்பூர் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சீத்தா இலைச் சாறு பட்டதும் தட்டிலிருந்த புற்றுநோய் செல்கள் செத்துப்போயின. பூரிப்போடு தாராவித் தோழி மும்தாஜிடம் சொன்னேன். அவளுக்கு மார்பில் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து, உடன் வேலை பார்த்த லலிதா கேட்டாள்: "இலையை ஊறவைக்கிற ஆல்கஹாலை, இலை போடாம வெறுமனே விட்டுப் பாத்தியோ?"

பார்த்திருக்கவில்லை. விட்டுப் பார்த்தேன்; அப்போதும் செல்கள் செத்தன. கொன்றது இலையல்ல, ஆல்கஹால்.

தாராவிக்கு ஓடினேன். மும்தாஜ் சீத்தா இலை அரைத்துக்கொண்டிருந்தாள். "ஏளா, நீ சொன்னப்புறம் நான் ஆஸ்பத்திரிக்கே போவலை" என்று சிரித்தாள்.

அழுதுகொண்டே என் தவற்றைச் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு, "சரி வா, இப்பவே போவோம்" என்றாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரிசையில் நாங்கள் வடாபாவ் பங்கிட்டுத் தின்ற மத்தியானங்கள் இன்றும் இனிக்கின்றன. அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.