அண்ணை வாசித்த பட்டியல்

ஒளிநகல் ஒன்றின் நாலாம் பக்கத்தில் அண்ணையின் விரல் நின்றுபோன அந்த மாலை இன்றும் என் கண்முன் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. முதுகலை ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்திருந்த நான், அதன் புறநகரான பியர்பொன்ட்ஸில், இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த குடும்பமொன்றின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரரை எல்லோரும் அண்ணை என்றே அழைப்பார்கள். அருகிலுள்ள புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை முடித்து வந்தபின் அவர் ஒளிநகலிலிருந்து பெயர்களை வாசிக்க, நான் தட்டச்சு செய்வேன்.

அமெரிக்க மாநிலமொன்றின் சட்டமன்ற உறுப்பினர், கம்யூனிஸ்டுகளைக் கண்டுபிடிப்பதற்கென அரை நூற்றாண்டுக்கு முன்பு நடத்திய விசாரணையின் பட்டியல் அது. அதில் பெயர் வந்ததால் வேலையிழந்து மொன்றியலுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆசிரியரைப் பற்றியதே என் ஆய்வு. அருகிலேயே கர்க்லாண்டில் வசித்த அவருடைய மகள், தந்தையின் கடிதங்களை என்னை நம்பித் தந்திருந்தார். மறுநாள் அவரிடம் முதல் அத்தியாயத்தைக் காட்ட வேண்டும். பட்டியலின் தலைப்பை நம்பி, "கட்சி உறுப்பினரான ஆசிரியர்" என்று எழுதி, அண்ணைக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன். நாலாம் பக்கத்தில் அந்த ஆசிரியரின் பெயரருகே விரலை நிறுத்தி அவர் கேட்டார்:

"தங்கச்சி, இவர் கட்சி ஆள் எண்டு ஆர் சொன்னது?"

"ஒரு சாட்சி சொல்லியிருக்காரு அண்ணை. பேர் போடலை."

"அப்ப தலையாட்டி!" அண்ணை சிரித்தார். "எங்கடை ஆள் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தவன். உங்கடை ஆளுக்குக் கோட்டும் டையும்."

போர்க் காலத்தில் இலங்கை ராணுவம் அவர் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையாக நடத்தும். முகம் மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறானோ அவரை ஏற்றிச் செல்லும். இதைச் சொல்லும்போது அண்ணையிடம் சிரிப்பில்லை.

"எனக்கும் ஒருக்கா ஆட்டினவன். ரெண்டு வருசம் உள்ளுக்கை. நீர் இப்பிடி எழுதினா, அந்த மனிசனுக்கு இன்னொருக்கா ஆட்டின மாதிரி."

குற்றம் சாட்டியவரின் சொல்லையே தீர்ப்பாக எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வரியை மாற்றினேன்: "பெயர் குறிப்பிடப்படாத ஒரு சாட்சி சொன்னதைச் சட்டமன்ற உறுப்பினர் பதிவு செய்தார்; கோப்பில் வேறு ஆதாரம் இல்லை." மறுநாள் அந்த மகள் அதை இருமுறை வாசித்தார். திருத்துவதற்கென்று கையில் வைத்திருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

ஆய்வேடு முடிந்ததும் நன்றியுரையில் அண்ணையின் பெயரை முதலாவதாக எழுதிக் காட்டினேன்.

"சந்தோசம். ஆனா என்ரை பேரை ஒரு லிஸ்டிலையும் போடாதையும்."

"இது நல்ல லிஸ்ட் அண்ணை."

"ஓம். ஆனா அதை ஆர் எடுத்து வாசிப்பான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

அழித்துவிட்டேன். இன்று மாணவர்களின் ஆய்வேடுகளை நான் படிக்கிறேன். ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு வரும் இடமெல்லாம், யார் சொன்னது என்று ஓரத்தில் எழுதிக் கேட்கிறேன். அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவருக்கு என் நன்றி. அவர் பெயரை இங்கும் எழுதவில்லை.