முழங்காலுக்காகக் கொடுத்த ரத்தம்

பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்ப ஆரம்பித்திருந்த சமயம் அது. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. பாலசமுத்திரம் பக்கம் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அந்த அலையில்தான் பங்காருபாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு மாங்காய் மண்டியில் மேஸ்திரி. நானும் அதே மண்டியில் காய் தரம் பிரிக்கும் வேலை செய்தேன்.

மண்டியில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். அப்போதெல்லாம் காயைப் பழுக்க வைக்க கார்பைட் கல்லைப் பொட்டலம் கட்டிக் குவியலுக்குள் வைப்பார்கள். கேட்பார் யாரும் கிடையாது. அந்தக் கல்லின் நாற்றம் மூக்கில் ஏறினால் நெஞ்சு எரியும், தொண்டை கமறும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கல்லு காத்து. சீசனில் யார் நெஞ்சைப் பிடித்தாலும் கல்லு காத்துதான். ஒரு துண்டு வெல்லம், ஒரு சொம்பு மோர், அவ்வளவுதான் வைத்தியம். என் வீட்டுக்காரரும் அந்த வருடம் நெஞ்சைத் தடவிக்கொண்டே வெல்லம் தின்றார். ஒருவரும் கவலைப்படவில்லை, நான் உட்பட.

அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது முழங்கால்தான். வீங்கி, சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போய்விட்டது. சீசன் முடியும் நேரம். எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. சீசனின் கடைசிக் கூடையை ஏழுமலையானுக்கென்று எடுத்து வைத்துவிடுவோம். திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து எல்லோரும் நடந்தே மலையேறுவோம். கூடையை மேஸ்திரிதான் தலையில் சுமப்பார், வழியில் கீழே இறக்கக் கூடாது. முட்டி இப்படி இருந்தால் கூடையை யார் தூக்குவது என்ற கவலையில்தான் மனுஷர் டாக்டரிடம் போகவே சம்மதித்தார். இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கிற ஆளா அவர்!

சித்தூரில் எலும்பு டாக்டர் காலைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ரிசல்ட் வாங்கப் போனோம். கவரைக் கையில் வாங்கித் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். அந்த லேபின் டாக்டர். கண்ணாடி போட்டு, தலையை இழுத்துப் பின்னியிருந்தார். திருப்பதியில் வீடு, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர் என்று பிறகு தெரிந்தது. கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

"சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. உடம்புல எங்கேயோ அழற்சி இருக்குன்னு அர்த்தம். இது முட்டியாலயும் இருக்கலாம். வேற எங்கேயாவது தொந்தரவு இருக்கா அண்ணா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

"ஒண்ணியும் இல்லமா. நெஞ்சு கொஞ்சம் எரியும், அது கல்லு காத்து. மண்டில எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று இவர் எழுந்துவிட்டார்.

அந்த அம்மா விடவில்லை. "நடக்கும்போது வருதா, சும்மா உக்காந்திருக்கும்போது வருதா?"

இவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்குத்தான் அப்போது பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மண்டிக்குப் போகும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டில் பாதி ஏறியதும் நின்று, துண்டை உதறித் தோளில் போடுவார். யாராவது வந்தால் பேச்சுக் கொடுப்பார். கொஞ்ச நேரம் நின்றபின் மறுபடி நடப்பார். நான் அதை அவருடைய மேஸ்திரி தோரணை என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன். இடது தாடை வலிக்கிறது என்று கிராம்பு வேறு கடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தார். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியாமே, சும்மா பயந்துகினு கெடக்கற" என்று இவருக்கு ஒரே குஷி. அந்த அம்மா சிரிக்கவில்லை. இது படுத்துக்கொண்டு எடுத்தது, நடக்க விட்டுப் பார்த்தால்தான் தெரியும், திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இருக்கிறது, தெரிந்த இதய டாக்டர் இருக்கிறார், உடனே வாருங்கள் என்றார். சனிக்கிழமை அலிபிரியிலிருந்து மலையேறப் போகிறோம் என்று நான் சொன்னதும், "ஏறவே கூடாது" என்று எழுந்தே நின்றுவிட்டார். இவர், "சரிமா, ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் சண்டை. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன்.

"நேந்துகினு ஏறாம உட்டா சாமி குத்தம் ஆயிடும்மே. சாமிகிட்ட போறவனுக்கு இன்னா ஆவும்?" என்றார்.

மண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். எனக்கும் சாமி என்றால் பயம்தான். ஆனால் அந்த மேட்டில் நின்று துண்டை உதறுகிற மனுஷர் தலையில் கூடையோடு அத்தனை படி ஏறினால்?

சனிக்கிழமை காலை வேனில் அலிபிரி போய் இறங்கினோம். கற்பூரம் கொளுத்தி, கோவிந்தா சொல்லி, இவர் தலையில் சும்மாடு வைத்து, கூடையையும் ஏற்றிவிட்டார்கள். முதல் படியில் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பின்னால் கைப்பையை மாட்டிக்கொண்டு அந்த லேப் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்! வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாங்கள் எந்த நேரத்துக்கு வருவோம் என்றுகூடத் தெரியாமல், விடியலிலிருந்து ஒவ்வொரு கும்பலாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இவர் எதிரில் வந்து, "ஒக்க கண்ட சாலு அண்ணா. ஒரே மணி நேரம் எங்கூட வாங்க. நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டா நானே உங்ககூட மலை ஏறறேன்" என்றார்.

இவர் தலையில் கூடையோடு அசையாமல் நின்றார். "கூடைய எறக்கக் கூடாதுமா..." என்றார். அப்போது எங்கள் மண்டி ஓனர் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி கசங்காத மனுஷர். பிறந்ததிலிருந்து ஒரு கூடையைக்கூடத் தூக்கி நாங்கள் பார்த்ததில்லை. "கீழ எறக்க வாணாம்பா. எந்தலைக்கு மாத்து. நீ போய்ட்டு வா" என்று குனிந்துவிட்டார். தலையிலிருந்து தலைக்குக் கூடை மாறியது. அவர்கள் மேலே ஏற, நாங்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அந்த நடக்கிற மெஷினில் இவர் ஏறியபின் இன்னும் வேகத்தைக்கூடக் கூட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிறுத்தச் சொன்னார். இவருக்கு முகமெல்லாம் வியர்வை. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தபோது இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு. முக்கியமான குழாய் கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. கூடையோடு ஏறியிருந்தால் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். பைபாஸ் செய்து, தையலோடு, முனகலோடு, உயிரோடு அவரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று இதய டாக்டரிடம் அந்த சி.ஆர்.பி. பற்றிக் கேட்டேன். இதய நோய் கடுமையாக இருக்கிறவர்களுக்கு அது அதிகமாக இருப்பதைப் பார்க்கிறோம், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றார். வைக்கோலில் மூடிய மாங்காய்க் குவியலுக்குள் கை விட்டால் சூடு தெரியும், எந்தக் காய் அழுகுகிறது என்பது பிரித்தால்தானே தெரியும், அப்படித்தானே என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கரெக்ட். இன்னொண்ணும் சொல்றேன். உங்க வீட்டுக்காரருக்கு அது வெறும் முட்டியாலகூட ஏறியிருக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணுக்கும் இவர் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருந்திருக்கலாமாம்!

வார்டுக்கு வந்த லேப் டாக்டரம்மாவின் காலில் விழப்போனேன். கோபமாகத் தடுத்துவிட்டார். "நான் கேள்விதானம்மா கேட்டேன்" என்றார். மறு வருடம் முதல் தரக் காயாகப் பார்த்து ஒரு கூடை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனோம். அவர் கணவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்கள். காயை அந்த லேபில் இருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தோம்.

மண்டியில் இன்றும், மலைமேல் இருக்கிறவரே அன்றைக்கு டாக்டரம்மாவாகக் கீழே இறங்கி வந்து நின்றார் என்று சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் நம்புகிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் என் மனதில் இருப்பது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வாக்குக் கொடுத்த ஆள் ஏமாற்றப் போகிறான் என்று தெரிந்தே காலையிலிருந்து கால் கடுக்க நின்ற ஒரு பெண்பிள்ளைதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அவர் உப்பில்லாத குழம்பைத் தின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும். தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை உட்கார வைத்து அந்த அம்மா கேட்ட ஒரு கேள்விதான் இத்தனை வருடமாக என் வீட்டில் இந்தக் குரலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.