பட்டாளக்காரன் கவிழ்த்த குப்பி

குளச்சலுக்குப் பக்கத்தில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் ஞானசெல்வி. விடிந்தால் தலையில் மீன் சருவம், இடுப்பில் ஜெபமாலை. வீட்டுக்காரர் ததேயுஸ் கல்ஃபில், பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கிற கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் அவர் பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வாரம் அங்கே பேய்மழை. பாலைவனப் பாதைகள் அரித்துப்போனதை டிவியில் காட்டினார்கள். நாலு நாளாக ததேயுஸின் போன் கிடைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, கம்பெனி ஆபீசில் இருக்கும் மதுரைக்காரர் சத்தியராஜ் கூப்பிட்டார்.

"அக்கா, அண்ணன் நேத்து ஒரு நிமிஷம் லைன்ல கிடைச்சாரு. 'வெள்ளம் இல்ல, வெள்ளம் இல்ல'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. அதுக்குள்ள கட்டாயிருச்சு. பயப்படாதீங்க."

மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. ரெண்டு தடவை ஏன் சொல்ல வேண்டும்?

"வாருங்க மைனி, பங்கு மண்டபத்துல படம் போடுகாவ" என்று பக்கத்து வீட்டு பெபிஷா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

பேச்சில்லாத பழைய யுத்தப் படம். பட்டாளக்காரர்கள் சிலர் மணல்காட்டில் வழி தெரியாமல் அலைகிறார்கள். சத்தம் இல்லாததால் பார்க்கிறவர்களே அவர்களுக்காகப் பேசினார்கள்.

"ஏலே, எங்கல போற? குளச்சல் பஸ் அந்தால நிக்கி!"

மண்டபமே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவன் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பெபிஷா அவனுக்காகச் சொன்னாள்: "ஐயோ மக்கா, வெள்ளம் இல்லியே!"

ஞானசெல்வி எழுந்துவிட்டாள். ததேயுஸ் வாயில் தண்ணீர் என்ற சொல் என்றைக்கு வந்தது?

"ஏட்டி, எங்க ஆளு குடிக்க வெள்ளம் இல்லன்னுல்லா சொல்லியிருக்காரு!"

வெளியே ஓடி, சிலுவை வைத்த குருசடிப் படியில் நின்று சத்தியராஜுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே. மூன்றாம் தடவை எடுத்தார்.

"தம்பி, எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி! அவங்க தாகத்துல கெடக்காவ தம்பி!"

"ஐயோ அக்கா... மழைவெள்ளம்னுல்ல நெனச்சேன். இப்பவே வண்டி அனுப்பச் சொல்றேன்."

அன்றும் மறுநாளும் அவள் சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. நோன்பென்று யாரும் சொல்லவில்லை; அவர் குடிக்காமல் அவள் எப்படிக் குடிப்பாள்? சாயங்காலம் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"வண்டி வந்துட்டு, எல்லாரும் குடிச்சோம்" என்றார் ததேயுஸ். அவளுக்குப் பேச்சு வரவில்லை. காய்ந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"ஏட்டி செல்வி, என்ன சத்தம் இது? நீ வெள்ளம் குடிச்சியா?"