ஜமாலுக்குத் தெரியாத சிவப்புக் கோடு

இரண்டாம் உலகப் போர்க்காலம். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேபில் நான் டிமான்ஸ்ட்ரேட்டர். பிராக்டிகல் பரீட்சை நெருங்கியிருந்தது. ஹைட்ரஜன் டியூபுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜமால் என்ற மாணவன், ஒளியை நிறக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, "சிவப்புக் கோடே இல்லீங்க சார்" என்றான்.

புரொபசர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு! படிக்காம வந்து உக்காந்திருக்கியா?"

"படிச்சிருக்கேன் சார்."

"அப்பச் சொல்லு, டியூபுக்குள்ள என்ன நடக்குது?"

"கரண்டு விட்டதும் எலக்ட்ரான் வேகமாப் போயி ஹைட்ரஜன் மூலக்கூறுல மோதுது சார். மூலக்கூறு ரெண்டு அணுவா ஒடையுது. மோதுன சக்தியில கொஞ்சத்த அணு வாங்கிக்கிது. ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாம ஒளியா விட்டுடுது. கோடெல்லாம் அணுவோடதுதான், மூலக்கூறோடது இல்ல."

புரொபசர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

சிவப்புக் கோட்டின் மேல் குறுக்குக் கம்பியைச் சரியாக வைத்து ஜமாலைக் கூப்பிட்டேன். "இங்கிட்டு வெறும் இருட்டுதான் சார்" என்றான். கருவியின் தொலைநோக்கியை நகர்த்தினேன். நீலப்பச்சைக் கோட்டை உடனே பிடித்துவிட்டான். பிறகு டியூபை வெறும் கண்ணால் பார்க்கச் சொன்னேன். எங்களுக்கு அது ரோஜா நிறம்.

"என்ன கலர்?"

"நீலங்க சார்."

பின்னால் பையன்கள் சிரித்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவன் கண்ணுக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்ற விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"அத்தா என்னைய ரயில்வேல கார்டாச் சேக்கணும்னு இருக்காக சார்."

சிக்னல் நிறம் தெரியாதவனை ரயில்வேயில் கார்டாக எடுக்கமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் அன்னவாசலிலிருந்து அவன் தகப்பனார் வந்தார். கடலை வியாபாரி.

"மருந்து இருக்குங்களா சார்?"

"பிறவியிலேயே வந்ததுங்க. மருந்து இல்ல."

எரிந்துகொண்டிருந்த டியூபைப் பார்த்தார். மகனிடம் திரும்பினார். "நம்ம தோட்டத்து மண்ணு ஒனக்கு என்ன கலர்டா?"

"செம்மண்ணுதான் அத்தா. நீங்கதானே அப்புடிச் சொல்லிக் குடுத்தீக."

அவர் மகனின் தோளில் கை வைத்தார். "ரயிலு வேணாம் சார். இவன் பரீட்சைய எழுதட்டும்."

புரொபசரிடம் விஷயத்தைச் சொன்னேன்; பரீட்சை நாளில் எக்ஸாமினரிடம் அவரே போய்ப் பேசினார். ஜமால் சிவப்புக்குப் பதில் நீலப்பச்சைக் கோட்டை அளந்தான். பாஸானான். பின்னாளில் கணக்கு வாத்தியாராகப் போனான்.

அதற்குப் பிறகு லேபில் யாராவது தெரியவில்லை என்று சொன்னால் நான் திட்டுவதில்லை. என்ன தெரிகிறது என்றுதான் கேட்பேன்.