பூட்டு மாப்பிள்ளை

என் தங்கையின் வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பூட்டு மாப்பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கென்று ஒரு மென்பொருள் எழுதினார். யாருக்கு என்ன பவர், எந்த லென்ஸ் என்பதெல்லாம் அதில் ஏறும். எழுதியது கொஞ்ச நாள்தான், பூட்டுப் போட்டதுதான் வருஷக்கணக்கு. கணினியின் ஹார்ட் டிஸ்க் எண்ணுக்குப் பொருந்தும் லைசென்ஸ் சாவி இல்லாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாகி, ‘நீ திருடன்’ என்று வரும். நிரலைப் பிரித்துப் பார்க்க வருகிறவனைக் குழப்ப உள்ளே வழியெல்லாம் பொறிகள் வேறு.

“என்னாலயே உடைக்க முடியாது மச்சான்” என்பார், சோற்றைப் பிசைந்தபடி. நாலைந்து கடைக்கு மேல் அது விற்கவில்லை. “பாத்தீங்களா, ஒருத்தனாலயும் திருட முடியல” என்று அதற்கும் ஒரு பெருமை! திருடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். தங்கையின் முகத்துக்காக வாயை மூடிக்கொள்வேன்.

அவளுடைய கண்ணாடிக் கடையிலும் அதே மென்பொருள்தான். ஒருநாள் காலையில் கடைக் கணினியின் டிஸ்க் செத்துப்போனது. விவரங்களைத் தினமும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி. ஆனால் அதைத் திறக்க மென்பொருள் வேண்டுமே. புது டிஸ்கில் ஏற்றியதும் திரை சிவந்தது: நீ திருடன். புதுச் சாவி செய்து தரும் நிரலும் இவர் எழுதிய மூல நிரலும் எங்கே? அதே செத்த டிஸ்கில்; இவர் உட்கார்ந்து எழுதுவதும் கடைக் கணினியில்தான். நகல் எடுத்து வைத்தால் யாராவது திருடிவிடுவார்களாம்.

கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாருக்கு என்ன பவர் என்று தெரியாமல், “சாயங்காலம் வாங்க” என்றே எல்லாரையும் அனுப்பினாள்.

மாப்பிள்ளை தன் நிரலைத் தானே பிரிக்க உட்கார்ந்தார். தான் வைத்த பொறியில் தானே விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர், அவராலேயே உடைக்க முடியவில்லை.

மத்தியானம் எதிர் வரிசைக் கண்ணாடிக் கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “அட, இதுவா? எங்க எல்லார் கடையிலயும் இதுதாம்மா ஓடுது. எங்ககிட்ட இருக்கறது சாவியே கேக்காது.”

மாப்பிள்ளைக்கு வியாபாரம் ஏன் படுத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைக்காரர் கொண்டுவந்த நகலில் தங்கையின் விவரங்கள் அத்தனையும் திறந்தன. மாப்பிள்ளை அந்த நகலைக் குடைந்து பார்த்தார். உடைத்தவன் பொறிகளின் பக்கமே போகவில்லை. ‘சாவி சரியா?’ என்று கடைசியாகக் கேட்கும் ஒரே இடத்தில், எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்று போகும்படி மாற்றியிருந்தான். அவ்வளவுதான்.

“திருட்டுக் காப்பி! என் பொண்டாட்டி கடையில இது ஓடக் கூடாது” என்று குதித்தார் மாப்பிள்ளை.

வாசலில் நின்றவரின் பவரைத் திரையில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டிருந்த தங்கை, நிமிராமலே எதிர்க் கடைக்காரரிடம் சொன்னாள்.

“இத உடைச்சவர் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சு வைங்க. அடுத்த தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா அவரையே கூப்பிட்டுக்கலாம்.”