செங்கல்லும் சாக்கும்

“...அப்போ நாளைக்குச் செங்கல்லுதான் தோல் சுமக்கப் போவுதாக்கும்? நாந்தானல போறேன்!” என்றார் அண்ணாச்சி.

அவர் அப்படிக் கேட்கும் வரை எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில், தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் இருந்தோம். அண்ணாச்சிதான் மூத்தவர். தோல் பதனிடும் இடத்தில் அவருக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை முதுகில் போட்டு, ஈரக் கல்தரையில் நடந்து அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாரம் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டார். “இன்னொரு தடவை விழுந்தே, வேலைக் கார்டைக் கிழிச்சிருவேன்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மேஸ்திரி விளையாட்டுக்குச் சொல்லுகிற ஆள் இல்லை. ஊரில் அண்ணாச்சியின் மனைவிக்கு அது எட்டாவது மாதம்.

யோசனை என்னுடையது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் போடுவேன். எந்தப் பரப்பில் எவ்வளவு பிடிப்பு என்பதை இழுத்துப் பார்த்தே சொல்லலாம் என்று அப்படி ஒரு தாளில் படித்திருந்தேன். எங்கள் அறைத் தரையும் அதே மாதிரிக் கடப்பைக் கல்தான். மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க முழங்கால் உயரம் தூக்கிக் கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தொடங்கினோம். ஒரு செங்கல்லில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு டப்பாவைக் கட்டி வாசல்படிக்கு வெளியே தொங்கவிட்டோம். செங்கல் நகரும் வரை டப்பாவில் டம்ளர் டம்ளராக அரிசி போடுவது.

“அரிசி சிந்துச்சுன்னா ராத்திரி நீதான்வே பட்டினி” என்று அன்றைய சமையல் முறைக்காரர் என்னை எச்சரித்தார்.

வெறுங்கல்லில் பதினோரு டம்ளருக்குச் செங்கல் நகர்ந்தது. கோணிச்சாக்கை விரித்தபோது பதிமூன்று. தோல் ஊறப்போட்டுக் கழித்த வேலம்பட்டைத் தூளை அண்ணாச்சி ஒரு பை கொண்டுவந்திருந்தார். அங்கே மலைபோலக் கிடக்கும், கேட்பாரில்லை. வெயிலில் உலர்த்தி அதைப் பரப்பினோம். பதினைந்து!

“முடிஞ்சுது. நடக்கிற வழியெல்லாம் பட்டைத் தூளைத் தூவிட்டுப் போங்க, அண்ணாச்சி. மேஸ்திரி வாயப் பொளந்துட்டு நிக்கப் போறான்” என்றேன். டீ சொல்ல ஒருவர் எழுந்தே விட்டார். அப்போதுதான் அண்ணாச்சி அப்படிக் கேட்டார்.

செங்கல்லை வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அறைக்குள் செருப்பு வராது. ஒரு சுவரில் இயேசு, எதிர்ச் சுவரில் முருகன், கீழே அரிசிப் பானை. இதற்கு நடுவே செருப்பை வைத்து இழுத்துப் பார்க்க எட்டுப் பேரில் ஒருவருக்கும் மனம் வராது. அதனால் செருப்புக்குப் பதில் செங்கல். தரை நனைந்தால் பாய் நனையும் என்று தண்ணீரும் ஊற்றவில்லை.

அண்ணாச்சி வெளியே போனார். தன் டயர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாசலில் ஒரு கணம் நின்று முருகனைப் பார்த்தார், இயேசுவையும் பார்த்தார். உள்ளே கால் வைத்தார்.

“அண்ணாச்சி!”

“சும்மா கெடங்கல. வேல போச்சுன்னா இவங்களா வந்து சோறு போடப் போறாங்க?”

ஒரு வாளித் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தரையில் ஊற்றினார். பாய்களைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். நனைத்த ஜமுக்காளத்தை முதுகில் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, “இழுங்க” என்றார்.

வெறுங்கல்லில் ஒருவர் இழுத்ததுமே சறுக்கி வந்தார். பட்டைத் தூளில் அதைவிட வேகமாக வந்தார். தூள் நனைந்து களிபோலாகியிருந்தது. சாக்கின் மேல் நின்றபோது ஒருவர் இழுத்தார், பிறகு இரண்டு பேர், பிறகு நானும் சேர்ந்தேன். அவர் அசையவில்லை.

“இன்னும் இழுங்கல!”

இழுத்தோம். அசையவில்லை.

அண்ணாச்சி ஜமுக்காளத்தை இறக்கிப் போட்டார். செருப்பைக் கழற்றாமலே அறை நடுவில், அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, சாக்கைப் பல்லால் கிழித்துச் செருப்போடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார்.